மத்தியானம் நின்றுபோகும் கம்ப்யூட்டர்

மேலகரம், தென்காசி
19.7.2025

அன்புள்ள சம்பந்தி மதினிக்கு,

குற்றாலச் சாரல் எங்கள் வாசல் வரை வருகிறது; எல்லாரும் சுகம். போனில் பேசினால் நம் இருவருக்குமே குரல் ஏறிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மருமகள் அனுசியாவின் கம்ப்யூட்டர் வேலை நடுவில் நின்றுபோகிறதாம். இன்னொரு தடவை கணக்கு பாதியில் அழிந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சென்னைக் கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை லேசில் கிடைக்குமா?

போன மாதம் அங்கே வந்தபோது பார்த்தேன். ஓடுகிற பெட்டிமேல் பூப்போட்ட துணி! கம்பளி போர்த்திக்கொண்டு பட்டப்பகலில் ஓடுகிறவன் என்ன ஆவான்? துணியை எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் அதன் முன்னால் வேண்டாம். பெட்டிக்குள் இருக்கிற விசிறி புகையை இழுத்துக்கொள்ளும்.

அன்புடன்,
பால்வண்ணநாதன்


சுரண்டை
23.7.2025

அண்ணாச்சிக்கு முப்பிடாதியம்மாள் எழுதுவது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரியே எழுதியிருக்கிறீர்கள். சரி, துணியை எடுத்துவிட்டேன். ஆடிக்காற்று தெருப் புழுதி முழுவதையும் அதன்மேல் கொட்டுகிறது. தினமும் ஈரத்துணியால் நன்றாகத் துடைக்கிறேன். சாமிக்கு ஆகிற புகை உங்கள் பெட்டிக்கு மட்டும் ஆகாதாக்கும்!

இப்படிக்கு,
முப்பிடாதியம்மாள்


மேலகரம்
28.7.2025

மதினி,

ஈரத்துணியா! கரண்டில் ஓடுகிற பொருள் அது. அணைத்த பிறகு, காய்ந்த பிரஷால் தூசியைத் தட்டினால் போதும்.

நேற்றும் நின்றதாம். தெருவில் தினமும் ஒன்றரை மணிக்குக் கரண்டு போகிறதென்று அனுசியா சொன்னாள். உங்கள் அடுத்த வீட்டு பென்னி என்னிடம் படித்தவன்தானே, கேட்டேன். "அந்த நேரத்துல எங்க வீட்ல மிக்சி ஓடுதே சார்" என்கிறான். அப்படியானால் உங்கள் வீட்டு வயரிங்கில்தான் கோளாறு. முறையாக அணைக்காமல் கரண்டை நிறுத்துவது, ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஆளைத் தள்ளிவிடுவது போல. ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீசியனோடு வருகிறேன்.

பால்வண்ணநாதன்


சுரண்டை
30.7.2025

அண்ணாச்சி,

எலக்ட்ரீசியன் வேண்டாம். மெயின் சுவிட்சை அணைப்பது நான்தான்.

காலையில் உட்கார்ந்தால் உங்கள் பிள்ளை எழுந்திருப்பதில்லை. "ஏட்டி, சோறு ஆறுது" என்றால், "இந்தா வாரேன் அத்தை" என்பாள். சாயங்காலம் வரைக்கும் அதே இந்தாதான். கரண்டு போனால்தான் வந்து நாலு வாய் சாப்பிடுகிறாள். போன மாதம் மயக்கம் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பட்டாளத்திலிருந்து விஜய்பாண்டி வந்து, என் பெண்டாட்டியை இப்படியா பார்த்துக்கொண்டாய் என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

பெட்டிக்குச் சூடு ஆகாது, புகை ஆகாது, ஈரம் ஆகாது என்று எழுதினீர்கள். அவள் சாப்பிட்டாளா என்று ஒரு வரி உண்டா?

முப்பிடாதியம்மாள்


மேலகரம்
1.8.2025

மதினி,

உங்கள் கடிதம் கிடைத்ததும் அனுசியாவைக் கூப்பிட்டேன். நீங்கள் அணைப்பதைச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். "இந்தா, அஞ்சு நிமிசத்துல கூப்பிடுதேன்ப்பா" என்றாள். பொழுதும் சாய்ந்துவிட்டது, இன்னும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தனியாகவே வருகிறேன். மத்தியானம் ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியாத வேலையா அது என்று அவளிடம் நேரில் கேட்க வேண்டும். அதுவரை ஒரு காரியம் செய்யுங்கள். ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் முன்னால், "ஏட்டி, கரண்டு போற நேரமாச்சு" என்று ஒரு சத்தம் கொடுங்கள். செய்த கணக்கைப் பத்திரப்படுத்தி, பெட்டியை முறையாக அணைத்துவிடுவாள்.

அதற்கும் எழுந்து வராவிட்டால், தயங்காமல் மெயினை அணைத்துவிடுங்கள்.

பால்வண்ணநாதன்