நிலாத் தூரம் ஓடிய எருமை

செப்டம்பர் 4, வெள்ளி

காலையில் பன்னிரண்டு நாய்களுக்கு ஊசி. மத்தியானம் மேட்டுப் பண்ணைகளின் பால் சங்கத் தலைவர் கிளினிக்குக்கே வந்துவிட்டார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

"டாக்டர், உங்க கைமேல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா மழை வந்துட்டா கீழயே காரை விட்டுட்டு நாலு கிலோமீட்டர் நடந்து வர்றீங்க. அதுவரைக்கும் மாடு தாங்கணுமே? பைபாஸ் ரோட்டுல இருக்குற மாட்டு டாக்டர் புதுசா பெரிய வண்டி வாங்கியிருக்காராம். மாசக் கடைசியில யாரோடயாவது ஒப்பந்தம் போட்டாகணும்."

பதினொரு வருடமாக அந்த மாடுகளைப் பார்க்கிறவள் நான். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. போன வருடம் நான் சேற்றில் நடந்து போய்ச் சேர்வதற்குள் கடைசிப் பண்ணை அக்காவின் சிவப்புப் பசு செத்துவிட்டது. கன்று வயிற்றுக்குள்ளேயே. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த மேட்டை நான் விட மாட்டேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வேண்டும். புதிதுக்கு வழியில்லை. பழையது எங்கே இருக்கிறது?

செப்டம்பர் 6, ஞாயிறு

மரக்கடைக்காரரிடம் இருக்கிறது. கறுப்பு. ஓடியது 3,87,412 கிலோமீட்டர். பார்த்தவுடன் தலைசுற்றியது.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, இது விலைக்கு. துண்டை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். துரு மேலோடுதான். என்ஜினை ஓட விடச் சொல்லி, பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

"என்னம்மா, ஊசியும் போடுவீங்களா?" என்றார்.

துடிப்பு ஒரே சீராக இருந்தது. இளைப்பு இல்லை, கரகரப்பு இல்லை. ஓடி ஓடி உரமேறிய உடம்பு. இருந்த சின்னக் காரைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் போட்டு வாங்கிவிட்டேன். வாங்கிவிட்டேன்!

செப்டம்பர் 7, திங்கள்

வீட்டில் வரவேற்பு பலம்.

கணக்கு வாத்தியாரான என் கணவர் மீட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிலாவுக்கு மூணு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர். இது போய்ச் சேர்ந்து, அங்க மூவாயிரம் கிலோமீட்டர் ஊர் சுத்தியும் பார்த்தாச்சு. திரும்பி வருமான்னுதான் தெரியல."

கொழுந்தனார் அதற்கும் மேலே. "அண்ணி, நீங்க வண்டி வாங்கினீங்களா, இல்ல இரும்புக்கடைக்குப் போக வேண்டியதை வழியில மடக்கினீங்களா?"

சிரிக்கட்டும். எருமை என்று பெயர் வைத்திருக்கிறேன். நிறமும் அதுதான், குணமும் அதுதான்: எதற்கும் அவசரப்படாது.

செப்டம்பர் 12, சனி

எழுதவே கை வரவில்லை.

நேற்று ஒரு தூறல். நல்ல சோதனை என்று மேட்டுக்குக் கிளம்பினேன். கியர் பக்கத்தில் இருக்கும் சின்னத் தண்டைத் தள்ளினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் என்று மரக்கடைக்காரர் சொல்லியிருந்தார். மூன்றாவது வளைவில் தள்ளினேன். பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. முன் சக்கரங்கள் எனக்கென்ன என்று நின்றன. வண்டி பின்னால் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது.

இழுத்துப் போட வந்த டிராக்டர்காரர், "எருமைக்குச் சேறு பிடிக்கும்தான் டாக்டரம்மா, அதுக்காக ஒரேயடியா படுத்துக்கிச்சே!" என்றார். பால்காரர்கள் எல்லாம் நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இந்நேரம் சங்கத் தலைவர் காதுக்குப் போயிருக்கும்.

செப்டம்பர் 14, திங்கள்

மூன்று மெக்கானிக்குகள். முதல் ஆள் கியர்பாக்ஸ் போய்விட்டது என்றார். இரண்டாமவர் அதற்குப் பின்னால், இழுவையை முன் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி என்றார். மூன்றாமவர் கழற்றிக்கூடப் பார்க்காமல், "வந்த விலைக்குத் தள்ளிடுங்க மேடம்" என்றார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

மரக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். "சத்தியமா சொல்றேம்மா, நான் அதைச் சேத்துல இறக்கினதே இல்ல. கடை வாசல்ல நின்னா ஒரு கெத்து, அதுக்காகத்தான் வெச்சிருந்தேன். போன மாசம்கூட சக்கரத்துக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சேன்" என்றார். பொய் சொல்கிற குரல் இல்லை. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

செப்டம்பர் 16, புதன்

வாத்தியார் கிண்டலை நிறுத்திவிட்டார். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 20, ஞாயிறு

மெதுவாக எழுத வேண்டும். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது.

காலையில் ஒரு நொண்டும் மாடு. சொந்தக்காரர் தோள்பட்டை பிசகிவிட்டது என்று சாதித்தார். நான் வழக்கம்போல முதலில் குளம்பைத்தான் தூக்கினேன். சீவிப் பார்த்தால் உள்ளே ஆணி. மாடு நொண்டினால் கீழிருந்து மேலே போ, மேலிருந்து கீழே வராதே: கல்லூரியில் முதல் வருடப் பாடம்.

ஆணியைப் பிடுங்கிய கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மெக்கானிக்குகளும் மேலேயிருந்துதானே பார்த்தார்கள்? சக்கரத்தை ஒருவராவது தொட்டார்களா?

வீட்டுக்கு ஓடினேன். "ஏங்க, வண்டியில ஏறி அந்தச் சின்னத் தண்டைப் போடுங்க, கியர்லயே நிறுத்துங்க!" ஒரு பக்க முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினேன். மற்ற மூன்றும் தரையில் இருக்கும்போது அது அசையக் கூடாது. கையால் தட்டினேன், ராட்டினமாகச் சுற்றியது! அப்படியானால் சக்கரத்துக்கும் உள்ளே இருக்கும் அச்சுக்கும் தொடர்பே இல்லை. சக்கரத்தின் நடுவில் வட்டமாக ஒரு மூடி, மேலே கனமாகக் கறுப்புப் பெயிண்ட். குளம்பு சீவும் கத்தியை எடுத்துச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட எழுத்து வருகிறது. ஒரு பக்கம் 'ஃப்ரீ', இன்னொரு பக்கம் 'லாக்'. மூடியைக் கையால் திருப்பிப் பூட்டினால்தான் முன் சக்கரம் அச்சோடு சேரும்; அதற்குப் பிறகுதான் உள்ளே தண்டைப் போட்டுப் பிரயோஜனம். மரக்கடைக்காரர் அழகு பார்த்து அடித்த பெயிண்ட் எழுத்தையும் மறைத்து, மூடியையும் இறுக்கிவிட்டது.

எண்ணெய் விட்டு, துணி சுற்றி, இரண்டு பக்க மூடிகளையும் இருவருமாகத் திருப்பினோம். டக். சக்கரத்தைத் தட்டினேன். அசையவில்லை!

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். வாத்தியார் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

செப்டம்பர் 21, திங்கள்

மூன்றாவது வளைவு. வேண்டுமென்றே ஈரச் சேற்றில் இறக்கினேன். ஏறியது. இறங்கி மறுபடி ஏறினேன். டிராக்டர்காரர் டிராக்டரை ஓரங்கட்டி எனக்கு வழி விட்டார்.

செப்டம்பர் 27, ஞாயிறு

இரண்டு நாளாக விடாத மழை. காலை ஏழு மணிக்குப் போன். கடைசிப் பண்ணை அக்கா.

"டாக்டர், கன்னு தலை வந்துடுச்சு. ஒரு கால்தான் தெரியுது. இன்னொண்ணு உள்ள மடங்கிக் கிடக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். அதே பண்ணை, அதே மழை.

அடிவாரத்தில் இறங்கி, நனைந்துகொண்டே இரண்டு மூடிகளையும் திருப்பினேன். டக், டக். இரண்டாவது வளைவில் பைபாஸ் டாக்டரின் புது வண்டி சேற்றில் நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று சங்கத் தலைவர் அவரையும் கூப்பிட்டிருக்கிறார். பாவம், முழங்கால் வரை சேறு. "பார்க்கத்தான் மேடம் பெரிசு. ரெண்டு சக்கரம்தான் இழுக்குது" என்றார். ஏறிக்கொள்ளுங்கள் என்றேன். வழியெல்லாம் கைப்பிடியை விடவில்லை மனிதர்.

நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். பதினேழு நிமிடத்தில் தொழுவத்தில் நின்றேன். வெந்நீர், சோப்பு, துணி எல்லாம் தயாராக இருந்தன. "மூணாவது வளைவுல சத்தம் கேட்டதுமே அடுப்பை மூட்டிட்டேன்" என்றாள் அக்கா. நான் கன்றின் தலையை உள்ளே தள்ளி, மடங்கிய காலை வளைத்து எடுத்தேன். கன்றின் காலில் கட்டிய கயிற்றைப் பைபாஸ் டாக்டர் பிடித்து இழுத்தார். பத்து நிமிடம், தோள் கழன்றுவிடும் போல. பிறகு கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. மூச்சு இல்லை. மூக்கைத் துடைத்து, விலாவைத் தேய்த்து – தும்மியது. தும்மியது!

பசு திரும்பி நக்க ஆரம்பித்தது. அக்கா என் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு, "போன வருஷம் உங்க மேல கோவம் இல்ல டாக்டர். நாலு கிலோமீட்டர் சேத்துல நடந்து வந்த உங்க காலைப் பார்த்தேன், பேச்சு வரல" என்றாள். நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேன். குழாயைத் திறந்துவிடவேண்டிய அவசியம் இல்லை.

செப்டம்பர் 30, புதன்

வீட்டு வாசலில் குளமாகத் தண்ணீர். கொட்டுகிறது. சாயங்காலம் சங்கத் தலைவர் போன் செய்தார்.

"டாக்டர், ஒப்பந்தப் பத்திரம் ரெடி. நாளைக்கு மேல வந்து கையெழுத்து போட்டுடுங்க. எத்தனை மணிக்கு வர்றீங்க?"

மழையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு மணிக்கு என்றேன்.