ஓம் என்று முடிந்துபோன கேள்வி

என் அன்பு அக்கா,

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியானால் என் கை இன்னமும் போனைத் தேடுகிறது. லண்டனுக்குள்ளேயே, என் கிங்ஸ்பரியிலிருந்து உங்கள் வால்தம்ஸ்டோவுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனாலும் உங்களைப் பார்க்க வந்ததைவிடப் போனில் கதைத்ததுதான் அதிகம்.

அந்தக் கதையும் என்ன கதை? "அக்கா, பிரஷர் குளிசை எடுக்கிறீங்களோ?" என்பேன். "ஓம் தம்பி, எடுக்கிறன்" என்பீர்கள். "சாப்பிட்டாச்சோ?" "ஓம்." "மதுரா போன் எடுத்தவளோ?" "ஓம், ஓம்." நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். கடமையைச் செய்துவிட்ட நிம்மதியோடு போனை வைப்பேன்.

வாடகைக்குத் தந்த கவுன்சிலிடம் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால், உங்கள் செத்தவீடு முடிந்த மறுகிழமையே நானும் மதுராவும் சாமான் ஒதுக்கப் போனோம். குசினி அலுமாரியில் மா வைக்கும் பேணிக்குப் பின்னால் குளிசைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஐந்து மாதக் குளிசை. ஒன்றைக்கூட நீங்கள் திறக்கவில்லை.

"மாமா, இது என்ன?" என்று உங்கள் மகள் கேட்டாள்.

"மிச்சமா வாங்கி வைச்சிருக்கிறா" என்று பொய் சொன்னேன். பதினெட்டு வருடமாக பார்மசியில் நின்று மருந்து கொடுக்கிறவன் நான்.

ஏன் அக்கா எடுக்கவில்லை? முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, உங்களோடு பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்த சாந்தி வந்திருந்தா. அவதான் சொன்னா. "அந்தக் குளிசை போட்டா தலை சுத்துதாம். கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கேக்கை விழுந்திடுவன் எண்டு பயந்தவா. தம்பி பார்மசியிலைதானே, அவரைக் கேளுங்கோவன் எண்டனான்."

"அதுக்கு அக்கா என்ன சொன்னவா?"

சாந்தி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தா. "அவன் கேக்கிற கேள்விக்கு ஓம் எண்டுதான் சொல்லலாம் எண்டு சிரிச்சவா."

குளிசையை ஒழுங்காக எடுத்திருந்தால் உங்கள் மூளையில் அந்த இரத்தக் குழாய் வெடித்திருக்காதா? மருத்துவரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். வேறு குளிசைக்கு மாற்றியிருக்கலாம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். தலை சுற்றுகிறது என்று ஒரு வார்த்தை உங்கள் வாயில் வந்திருந்தால் போதும். அது வருவதற்கு நான்தான் இடம் விடவில்லை.

வேலைக்குத் திரும்பிய பிறகு என் வாயை நானே கவனிக்கத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடமாவது "ஒழுங்கா எடுக்கிறீங்கள்தானே?" என்று கேட்கிறேன், அக்கா. கேட்டபடியே அடுத்த பையை எடுக்கக் கை நீட்டுகிறேன்.

மாற்றிக் கேட்கப் பார்த்தேன். முதலில் பொலிஸ்காரன் மாதிரித்தான் இருந்தது. மன்னார்ப் பக்கத்து ஐயா ஒருவர் மாதாமாதம் வருவார். "போன கிழமை எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்றதும் அவர் முகம் இறுகிவிட்டது. "ஏன், டொக்டர் ஏதும் சொன்னவரோ?" என்று பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் வந்தபோது அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய் இருத்தினேன். "இந்தக் குளிசையளிலை எது உங்களுக்குக் கரைச்சல் தருது, ஐயா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். அந்த மௌனம்தான் கஷ்டம். வெளியே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

கடைசியில் குனிந்துகொண்டு சொன்னார். "இந்த வெள்ளைக் குளிசை எடுத்தா அடிக்கடி சலம் போகுது. பஸ் ஏற ஏலாது. ஞாயிறு பூசைக்குப் போய் மூண்டு மாதம், தம்பி."

மருத்துவரோடு கதைத்து, ஞாயிறுகளில் தேவாலயம் போய் வந்த பிறகு அதை எடுக்கும்படி நேரத்தை மாற்றிக் கொடுத்தோம். இப்போது பூசைக்குப் போகிறார். எனக்குச் சந்தோசம்தான். அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. முதலில் உங்களுக்குத்தான் சொல்லியிருப்பேன். அப்போதும் நாலு நிமிடத்துக்குள்தான் சொல்லியிருப்பேனோ?

இப்போது மதுரா எனக்குப் போன் எடுக்கிறாள். "மாமா, ஓகேயா?" "ஓம்." "சாப்பிட்டீங்களா?" "ஓம் பிள்ளை." உங்கள் இடத்தில் நான் இருக்கிறேன், அக்கா. ஓம் என்பது எவ்வளவு சுகமான மறைவிடம் என்று இப்போதுதான் விளங்குகிறது.

போன மாதம் அவளிடம் குளிசை விஷயத்தைச் சொன்னேன். "தெரியும் மாமா. பெட்டியிலை டேட் பாத்தனான். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு இருந்தன்" என்றாள். எட்டு மாதமாக அந்தப் பிள்ளை தனியாக அதைச் சுமந்திருக்கிறாள். அவளிடமும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அவள்தான் என்னைக் கேட்டாள். "வேலை முடிஞ்சு வந்தா ஆரோட கதைப்பீங்கள், மாமா?"

ஆட்கள் இருக்கினம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. "ஒருத்தருமில்லை, பிள்ளை" என்றேன்.

அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. கனநேரம் அப்படியே இருந்தோம். பிறகு நான் கேட்டேன்: "அம்மா இல்லாமல் உனக்கு எந்த நேரம் கஷ்டமா இருக்கு?" அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கதைத்தாள். நிறையக் கதைத்தாள். அவள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது.

அக்கா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் மகளிடம் ஒன்றைக் கேட்டால், அவள் வாய் திறக்கும்வரை நான் அவசரப்பட மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் சரி.

கேட்கப் பிந்திப்போன,
உங்கள் தம்பி