வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகிறவருக்கு

கோட்டைமேடு, கோவை
செவ்வாய்க்கிழமை

என் அன்புக் கணவருக்கு,

ஸலாம். இங்கே மாமாவும் மாமியும் நானும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கவே இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது.

போனில் இதைச் சொல்ல முடியவில்லை. நான் ஆரம்பித்தாலே நீங்கள் "சரி, வைக்கறேன்" என்கிறீர்கள். பக்கத்து வீட்டு ஆஃப்ரினின் கணவர் நாளை மஸ்கட் வருகிறார். வெள்ளிக்கு முன்னால் உங்கள் கையில் சேர்க்கச் சொல்லி இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மாமாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆர்.எஸ்.புரம் டாக்டர் அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். மாமி தினமும் உங்களுக்காக ஓதுகிறார். இருவரிடமும் நான் எதையும் சொல்லவில்லை.

உங்கள் அறையில் இருக்கும் மனோஜ்குமார் தம்பி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். "ஏனுங்கக்கா, உங்ககிட்டச் சொல்லலீன்னா எனக்கு மனசு ஆறாதுங்க. ரியாஸண்ணன் நாலு வாரமா வெள்ளிக்கிழமையானாத் தனியாப் படகெடுத்துட்டுப் போயிடறாருங்க. தூண்டிலக்கூட எடுத்துட்டுப் போறதில்லீங்க" என்றார்.

தூண்டில் இல்லாமல் எதற்குப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் சிநேகிதர் ரிஃபத்தைத் தேடத்தானே?

மூன்று மாதத்துக்கு முன்பு நீங்கள் இருவரும் வஞ்சிரம் பிடிக்கப் போன அன்றும் மனோஜ்தான் கூப்பிட்டார். பொழுது சாய்ந்தும் நீங்கள் திரும்பவில்லை என்றார். எந்தக் கரையிலிருந்து போனீர்கள், படகின் நம்பர் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவதாகச் சொன்னீர்கள் என்று கடலோரக் காவலர்கள் கேட்கிறார்களாம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "மீன் பிடிக்கப் போறேன்னாரு" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர்கள் வடக்கே தேடினார்கள். நீங்கள் தெற்கே இருந்தீர்கள். இன்ஜின் நின்று, படகு கவிழ்ந்து, விடியும் வரை ரிஃபத் உங்கள் தோளைப் பிடித்தபடி மிதந்தார், பிறகு கை நழுவி அலையோடு போய்விட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இன்றுவரை அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. சரியான பக்கம் தேடியிருந்தால்? அன்று காலையில் நீங்கள் பேசியபோது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டு வைத்திருந்தால்? தூக்கம் போனது உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

நேற்று கரும்புக்கடையில் ரிஃபத்தின் வீட்டுக்குப் போய் அவர் மனைவி ரம்ஷாவைப் பார்த்தேன். தனியாக அவள் முன்னால் உட்கார இத்தனை நாள் எனக்குத் துணிவில்லை. படகில் ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட்தான் இருந்தது, அதைப் போட்டிருந்தது நீங்கள் என்பது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ என்று டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள்.

"அவருதானுங்கக்கா அண்ணனுக்குப் போட்டுவிட்டிருப்பாரு. கெணத்துல நீச்சலடிச்சு வளந்தவனுக்கு இது எதுக்குன்னு சொல்லியிருப்பாரு. அண்ணனுக்கு நீச்சல் தெரியாதுன்னு எங்கிட்டயும் சொல்லியிருக்காருங்க."

கிணற்றுக்குக் கரை நாலு பக்கமும் இருக்கிறது. அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

நீங்கள் வெள்ளிதோறும் போவதை மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்னு சொல்லுங்கக்கா. அண்ணனும் போயிட்டா, விடியற வரைக்கும் அவரு என்ன பேசுனாருன்னு எனக்குச் சொல்றதுக்கு யாரு இருக்காங்க?"

அவள் உங்களைத் திட்டவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வெள்ளி போகாதீர்கள். மனசு கேட்கவே இல்லையென்றால், தனியாக மட்டும் வேண்டாம். காற்று எப்படி என்று பார்த்துவிட்டு, மனோஜையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆளுக்கொரு ஜாக்கெட், அது சீட்டுக்கு அடியில் கிடக்கக் கூடாது, உடம்பில் இருக்க வேண்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். இனி நான் கேட்காமல் இருக்க மாட்டேன்.

அதைவிட, லீவு போட்டு ஊருக்கு வாருங்கள். ரம்ஷா வீட்டுக்கு நாம் இருவருமாகப் போகலாம். அவள் கேட்பதை உங்களால் சொல்ல முடியாமல் போனாலும் பரவாயில்லை, நான் பக்கத்தில் இருப்பேன். அல்லாஹ் உங்களைக் கரையிலேயே வைத்திருக்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
உம்மல் குல்சும்