பொம்மலாட்டம் நல்லாயிருந்துச்சா?

கோவக்காரிக்கு,

சாப்பாடு மேஜையில மூடி வெச்சிருக்கேன். வெளிய போறப்ப சாவியை எதிர்வீட்ல குடுத்துடு, என்னோடதைக் காணோம்.

‘நான் பார்த்துட்டு வந்து சொல்றதை உங்க பேர்ல எழுதினது போதும், இனிமே நீங்களே போய்ப் பாருங்க’ன்னு சொன்னே. நேத்து போனேன். நூலக மாடியில பொம்மலாட்டம். ‘இந்த வாரம் பார்க்க வேண்டியவை’ பத்தியைச் சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும். ஒரு வரிகூட ஓடல. அது நல்லாயிருந்துச்சா இல்லையான்னே எனக்குத் தெரியல.

மத்தியானம் இன்னொரு ஆட்டம் இருக்கு. டிக்கெட்டைக் கண்ணாடிக்குப் பின்னால சொருகியிருக்கேன். கெஞ்சிக் கேக்கறேன், பார்த்துட்டு ஆபீசுக்கு ஒரு போன் பண்ணு. திட்டறதா இருந்தாலும் சரி.

பி.கு.: ராஜா பொம்மையோட கிரீடம் கழண்டு விழுந்துச்சு. சிரிச்சுட்டு, நீயும் சிரிக்கிறியான்னு பக்கத்துல திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒருத்தர் தூங்கிட்டிருந்தார்.