பிரசவத்துக்குச் செஞ்சிக்கு வராதே

செஞ்சி
16-11-1968

சௌபாக்கியவதி உண்ணாமலைக்கு உன் நைனா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுத இந்தத் தடவை கை வரவில்லை. உட்கார்ந்துகொண்டு படி அம்மா. உன் அண்ணி ரஞ்சிதம் போன செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். தந்தி கொடுத்தால் கிளம்பி வந்துவிடுவாய் என்றுதான் கொடுக்கவில்லை.

எனக்கு இன்னும் புரியவில்லை, இருபத்திரண்டு வயதுப் பெண், ஒரு சளிக்காய்ச்சலில் போவாளா. பேப்பரில் ஹாங்காங் ஃப்ளூ என்று போட்டிருந்தான், எங்கோ பட்டணத்து வியாதி என்று கடையில் அந்தப் பேப்பரிலேயே மிளகாய் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரஞ்சிதத்துக்கு ஏழாம் மாத வளையல் அடுக்கு வைத்தோமே, அன்றைக்கே கடைத்தெருவில் பாதி வீட்டில் இருமல் சத்தம்தான். சந்தனம் பூச ஏழு சுமங்கலிகளைச் சொல்லியிருந்தோம், ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஆறு பேர் பூசினால் இரட்டைப்படை ஆகிவிடும் என்று நானே போய் உன் அத்தை நாகம்மாளைக் கூப்பிட்டேன். அவள், எனக்கும் ஒடம்பு கொதிக்குதுண்ணா, நான் வரலன்னு சொன்னாள். சந்தனம் பூசி வளையல் போட எவ்ளோ நேரம் ஆவும், வா புள்ளன்னு கையைப் பிடித்து இழுத்து வந்தது நான்தான். அவள் ரஞ்சிதத்தின் கன்னத்தில் சந்தனம் பூசும்போது முகத்துக்கு நேரே இருமினாள், எல்லோரும் சிரித்தோம். நாகம்மாள் நாலு நாளில் எழுந்து நடமாடுகிறாள். இப்போது என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாள்.

மூன்றாம் நாள் ரஞ்சிதத்துக்குக் காய்ச்சல் வந்தது. மண்டகப்பட்டிலிருந்து அவள் அப்பா அழைத்துப் போக வந்தவர் காய்ச்சல் விடட்டும் என்று திரும்பிவிட்டார். மாசமாக இருப்பவளுக்கு ஊசி மாத்திரை ஆகாது என்று சுக்கும் துளசியும் கொதிக்க வைத்துக் கொடுத்தோம். ரெண்டு படி ஏறினாலே மேல்மூச்சு வாங்குதுன்னு அவள் சொன்னபோது, வயிறு ஏறினா எல்லாருக்கும் அப்டித்தான் என்று உன் அம்மா சொன்னாள், நானும் ஆமாம் என்றேன். அது வயிற்றால் வந்த மூச்சில்லை. உதடு நீலமான பிறகுதான் பயம் வந்தது. மேல்சித்தாமூர் நெல் வியாபாரி ஒருவர் தன் காரைக் கொடுத்தார், விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு நுரையீரலிலும் சளி கட்டிவிட்டதாம். டாக்டரம்மா, மாசமா இருக்கறவங்கள இந்தக் காய்ச்சல் ரொம்பப் படுத்தும், மொத நாளே இட்டுக்கினு வந்திருக்கக் கூடாதான்னு கேட்டார். உன் அண்ணன் கலியபெருமாள் என்னைத் திரும்பிப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. ஞாயிற்றுக்கிழமை நாள் ஆகாமலேயே ஆண் குழந்தை பிறந்தது, மூன்றரை பவுண்டுதான். பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறார்கள், சொட்டுச் சொட்டாகப் பால் விடுகிறார்கள். ரஞ்சிதம் அதை ஒரு தரம் பார்த்தாள். இரண்டாம் நாள் அவள் மூச்சு நின்றுவிட்டது.

கார்த்திகை கடைசியில் வந்து உன்னை அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தேன். நான் வரவில்லை. நீயும் வராதே. பிரசவம் அங்கேயே பாக்டரி ஆஸ்பத்திரியில் நடக்கட்டும். உனக்கு அங்கே யாரும் வளையல் அடுக்க வேண்டாம், கூட்டத்துக்குப் போகாதே, இருமுகிறவர்கள் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடு, கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். உனக்குக் காய்ச்சல் கண்டாலோ மூச்சு வாங்கினாலோ கஷாயம் போட்டுக்கொண்டு உட்காராதே, அந்த நிமிஷமே டாக்டரிடம் போக வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்.

உன் அம்மா இதற்குச் சம்மதிக்கவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பொண்ணத் தாய்வீட்டுக்குக் கூப்புடலன்னா ஊர் இன்னா சொல்லும் என்று இரண்டு நாளாக என்னோடு சண்டை. நேற்று மாலையிலிருந்து அவளுக்கும் காய்ச்சல், இருமலும் இருக்கிறது. டாக்டர் வந்து ஊசி போட்டிருக்கிறார். இன்று காலை நான் பேனா எடுத்ததைப் பார்த்துப் படுக்கையிலிருந்தபடியே கூப்பிட்டாள். எனக்கு ஒண்ணு ஆயிட்டுதுன்னு தந்தி வந்தாக்கூட கெளம்பி வராதன்னு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

நீ தீர்க்க சுமங்கலியாக, பிள்ளையோடு நன்றாக இரு. பதில் உடனே போடு.

இப்படிக்கு
உன் நைனா
தனகோட்டி