பதினான்காம் பக்கத்து ஆறு

இலஞ்சி,
மே 12

அன்புள்ள வித்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் பூனா வெயிலில் வாடாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. குற்றாலத்தில் அவர் வேலை பார்க்கிற லாட்ஜுக்கு வெள்ளையடிக்கிறார்கள், சீசன் தொடங்குவதற்குள் எல்லா அறைகளையும் முடித்தாக வேண்டும் என்று காலையில் போகிறவர் பொழுது சாய்ந்துதான் வருகிறார். அருவியில் இப்போது பாறைதான் தெரிகிறது, ஓரமாக ஒரு நூல் அளவுக்குத் தண்ணீர் இறங்குகிறது, அதற்கும் நாலு பேர் சோப்போடு நிற்கிறார்கள் என்று வந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ பரவாயில்ல விடும்மா என்பாய், நானும் அதையே சாக்காக வைத்து நிறுத்திவிடுவேன். இது முழுதாகச் சொல்ல வேண்டிய விஷயம். உன் ‘சைக்கிள் நர்ஸ்’ புத்தகத்தில் பதினான்காம் பக்கம் உண்மையில்லை. அந்தப் பிழை என்னிடமிருந்து வந்தது. மாதக் கடைசியில் மறுஅச்சுக்குப் போகிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

விடுமுறை விட்டதும் நூலகத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்த வருஷம் ஓர் ஏற்பாடு வைத்தேன். ஒரு கதைப் புத்தகம் எடுத்தால் அடுத்து எடுப்பது உண்மைப் புத்தகமாக இருக்க வேண்டும், யாருடைய வாழ்க்கை வரலாறாவது, இல்லையென்றால் பறவை, நட்சத்திரம், நம் குடல், எதைப் பற்றியாவது. முதல் வாரம் கசாயம் குடிப்பதுபோல் வாங்கிப் போனார்கள். திருப்பித் தரும்போது நான் பரீட்சை எதுவும் வைக்கவில்லை, அந்தப் புத்தகத்தில் இருப்பவர் இப்போது உன் முன்னால் வந்து உட்கார்ந்தால் என்ன கேட்பாய் என்று மட்டும் கேட்டேன், அது அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தேனீக்களைப் பற்றிய புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, ஒங்களுக்கு ஞாயித்துக்கெழம லீவு உண்டுமான்னு கேப்பேன் என்றான். இப்போது கதைகளைவிட வரலாறுகள்தான் அதிகம் வெளியே போகின்றன, வாழ்க்கை வரலாற்று அலமாரியில் இடைவெளி விழுந்து நான் பார்த்ததேயில்லை. உன் புத்தகத்தை அதில் முதல் வரிசையில் வைத்திருந்தேன். தாய்க்கு அந்த ஆசை இருக்காதா.

ஹம்னா என்று ஒரு பெண், ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள், லீவுக்குத் தென்காசியிலிருந்து மாமா வீட்டுக்கு வந்திருக்கிறாள். எதையும் இரண்டு முறை படிக்கிறவள். அவள் உன் புத்தகத்தை எடுத்துப்போனாள். மற்ற பிள்ளைகள் கற்பனையில் கேட்ட கேள்வியை அவள் நேரிலேயே போய்க் கேட்டுவிட்டாள், ஏனென்றால் புத்தகத்தில் இருக்கிறவர் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். உலகம்மாள் பெரியம்மா முப்பது வருஷம் இந்த வட்டாரம் முழுக்க சைக்கிளில் சுற்றிப் பிரசவம் பார்த்ததை நீ எழுதியிருக்கிறாய், அதற்கு முன்னால் பதினான்காம் பக்கத்தில், பன்னிரண்டு வயதில் சிற்றாற்றில் வெள்ளம் வந்த அன்று பைக்கட்டைத் தலையில் வைத்து நீந்திப் போய்ப் பரீட்சை எழுதினார் என்று இருக்கிறதல்லவா, படம்கூட உண்டு. ஹம்னாவுக்கு அதில் ஒரு சந்தேகம். பையத் தலையில ஒரு கையால பிடிச்சா இன்னொரு கையால மட்டும் எப்பிடி ஆச்சி நீந்துனீங்க என்று கேட்டிருக்கிறாள். பெரியம்மா சிரித்துவிட்டு, ஏட்டி எனக்கு நீச்சலே தெரியாதுட்டி, இன்னைக்கும் முழங்காலுக்கு மேல தண்ணின்னா எறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை நூலகம் திறந்ததும் வந்து புத்தகத்தை என் மேசையில் வைத்தாள். மேடம், இதக் கதைப் பொஸ்தகத்தோட வச்சிருங்க என்றாள். குரலில் கோபம் இல்லை, இடம் மாறிப்போன பொருளை எடுத்துக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். ஒரு பக்கம்தானேம்மா என்றேன். ஒரு பக்கம் நெசம் இல்லன்னா மத்த பக்கம் நெசமான்னு எனக்கு எப்பிடித் தெரியும் என்று கேட்டாள். இத்தனை வருஷமாகப் பிள்ளைகளைப் படியுங்கள் படியுங்கள் என்று சொல்லி வந்திருக்கிறேன், படித்ததை இப்படித் தட்டிப் பார்க்கிற ஒரு பிள்ளை வந்து நின்றபோது எனக்குப் பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

ஏனென்றால் அந்த ஆற்றை உனக்குச் சொன்னவள் நான். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய். ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாள், சாரல் விடாமல் பெய்தது, நனைந்துகொண்டு போக மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாய். அப்பா லாட்ஜுக்குப் போய்விட்டார், எனக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. உனக்குச் சடை பின்னிக்கொண்டே, பெரிய மனிதர்களின் சிறுவயதைப் பற்றி எங்கெங்கோ படித்த ஆறுகளில் ஒன்றை எடுத்து உலகம்மாள் பெரியம்மாவின் தலையில் கட்டினேன். நீ எழுந்து குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்று சாயங்காலமே அதை நான் மறந்துவிட்டேன், நீ மறக்கவில்லை. புத்தகம் வந்த அன்று அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. சொல்லியிருக்க வேண்டும். அப்பா அதை உரக்கப் படித்துக் கண் கலங்கினார், நீ போனில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், ஒருவேளை நிஜமாகவே நடந்திருக்கலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

முந்தாநாள் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். இதெல்லாம் நான் கட்டிவிட்டது அக்கா என்று ஒப்புக்கொண்டேன். அவர் முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, உன் மவ ரெண்டு நாளு இங்கனயே கெடந்து எல்லாம் கேட்டா, ஊசிய எப்பிடிக் கொதிக்கவச்சீங்க, ராத்திரி கூப்பிட்டா தொணைக்கு யாரு வருவா, சைக்கிளு பஞ்சரானா என்ன செய்வீங்கன்னு, ஆத்தப் பத்தி மட்டும் கேக்கவேயில்ல, அச்சுல பாத்தப்புறம் புள்ள ஆசையா எழுதியிருக்கா இதப் போயி இல்லைன்னு எப்பிடிச் சொல்லுதுன்னு விட்டுட்டேன், யாராவது வாசிக்கச் சொன்னா அந்தப் பக்கத்தத் தாண்டிருவேன் என்றார். தன் வாழ்க்கையைப் பற்றிய புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிப் படிக்க வேண்டிய நிலையில் அவரை வைத்துவிட்டேன் நான். பிறகு இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை வாசித்தோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆமா, இது சரி, இதுவும் சரி என்றே சொல்லிக்கொண்டு வந்தார், ஓரிடத்தில் இதச் சொன்னதே எனக்கு மறந்துட்டு, இவ எப்பிடிப் பிடிச்சு வச்சிருக்கா பாரு என்றார். கேட்டு எழுதியதில் உனக்கு ஓர் இடம்கூடத் தவறவில்லை வித்யா. தெரியும் என்று நினைத்ததால் கேட்காமல் விட்டது ஒன்றுதான், அதுவும் அம்மா சொன்னது என்பதால் விட்டது. யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். உன்னை நினைத்து எனக்கு அன்று வந்த பெருமையைப் புத்தகம் வெளிவந்த அன்றுகூட நான் உணரவில்லை.

நேற்று ஹம்னாவிடமும் சொல்லிவிட்டேன், பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போதே. எனக்கு நாலு பேர் நடுவில் பேசுவது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியும். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்க உம்மாவும் இப்பிடி நெறையச் சொல்லுவா மேடம், ஆனா அச்சடிக்க மாட்டா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். உன் புத்தகத்தைக் கதை அலமாரிக்கு மாற்றவில்லை, பழைய இடத்திலும் திரும்ப வைக்கவில்லை. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

வெள்ளம் வந்த அன்று உண்மையில் என்ன நடந்தது என்று பெரியம்மா என்னிடம் சொன்னார். அன்று அவர் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன், மீதியை நான் சொல்ல மாட்டேன். வீரதீரம் ஒன்றும் அதில் இல்லை, ஆனாலும் கேட்டதிலிருந்து சோறு வடிக்கும்போதும் மனதில் அதுதான் ஓடுகிறது. என் வாயால் கேட்டு ஒரு தடவை எழுதியது போதும், இந்தத் தடவை அவரிடமே கேள். நாலு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார், இடது காது மந்தமாகிவிட்டது, கொஞ்சம் உரக்கப் பேசு, அவசரப்படுத்தாதே. அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று பதிப்பகத்தில் இன்றே சொல்லி வை, பக்கத்தைத் திருத்தி எழுத மட்டும் சில நாள் அவகாசம் கேள். என் மேல் கோபம் இருந்தால் அதை ஜூலையில் நீ வரும்போது வைத்துக்கொள்வோம்.

நீ தொட்ட வேலை துலங்கட்டும், உன் பேனாவுக்கு மெய் என்றும் துணை நிற்கட்டும். இருபத்தைந்தாம் தேதிக்குள் போன் செய்துவிடு. முதலில் அவருக்கு, பிறகு எனக்கு.

உன் அம்மா,
உமாதேவி