பெரியவர் வந்த மத்தியானம்

பக்கத்து வீட்டுப் பிள்ளை இன்று காலை பப்பாசி இலைத் தண்டை நறுக்கிப் பீப்பீ என்று ஊதியது. குசினியில் கஞ்சி வார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை தவறி, பாதி நிலத்தில் கொட்டிவிட்டது. ஊதாதே என்று கத்தினேன். அதன் தாய் என்னை விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது. விளங்கக்கூடிய ஒரே ஆள் நீர்தான், நீரும் இப்போது இல்லை. அதனால்தான் உமக்கு எழுதுகிறேன்.

நெடுங்கேணிக்கு அப்பால், காட்டை வெட்டிக் குடியேறிய அந்த ஊரின் கிடுகு வேய்ந்த பள்ளிக்கூடத்துக்கு நீர் முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியது அறுபதுகளின் தொடக்கத்தில். நாம் இரண்டு பேர்தான் ஆசிரியைகள். கடற்கரையில் பிறந்த உமக்குக் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டீர். பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் இல்லையென்று கண்டதும், கன்னியர் மடத்தில் கேட்ட பிறநாட்டுக் கதையொன்றை நீரே எழுதி வரையத் தொடங்கினீர். ஒருவன் குழல் ஊத, ஊரிலுள்ள எலியெல்லாம் அவன் பின்னால் போகும் கதை. "இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு எலி என்ன புதினம்?" என்று எலிகளை விட்டுவிட்டு ஒரு யானையைப் போட்டீர். பழைய கலண்டர் தாள்களின் பின்புறத்தில், குழல் ஊதுகிறவன் முன்னே நடக்க, யானை பசுமாடு மாதிரிப் பின்னே போனது. அடுத்த நாளே எல்லார் வாயிலும் பப்பாசிக் குழல். எனக்குக் காது வலித்தது, உமக்குப் பெருமை.

"இது என்ன மிருகம், சொல்லுங்கோ" என்று நீர் கேட்டபோது மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். இதை நீர் எனக்குப் பிறகுதான் சொன்னீர். காட்டோரத்து ஆட்கள் அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் வந்துவிடும் என்று பயம். பெரியவர் என்பார்கள். உமக்கு அது தெரியாது.

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வித்தியாதரிசி வரப்போகிறார் என்று கதை அடிபட்ட கிழமை அது. மத்தியானம், நான் பெரிய வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வெளியே போன இரண்டாம் வகுப்புச் சிறுமி ஓடிவந்து, "ரீச்சர், பெரியவர் குளக்கட்டாலை வாறார்" என்று உம்மிடம் சொல்லியிருக்கிறாள். நீர் சேலையைச் சரிசெய்துகொண்டு, "ஓடிப்போய் வாசல்லை நிண்டு வடிவா ஊதுங்கோ, நாங்கள் எல்லாரும் வாறம்" என்றீராம். மற்றப் பிள்ளைகள் வாயடைத்து இருந்ததை ஒழுக்கம் என்று நினைத்தீர். அவள் தயங்கவே இல்லை. உம்முடைய புத்தகத்தில் குழல் ஊதினால் அது சாதுவாகிவிடுமே.

சத்தம் கேட்டு அரைச்சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். தனி யானை, காதை விரித்துக்கொண்டு வாசல் படலைக்கு வெளியே நின்றது. அதற்கு நேரே, படலைக்குள், அந்தப் பிள்ளை கன்னத்தை உப்பி ஊதிக்கொண்டு நின்றாள். கத்தப்போன வாயைப் பொத்திக்கொண்டேன். கத்தியிருந்தால் இன்னும் மோசமாயிருக்கும். அந்த நேரம்தான் நீர் வெளியே வந்தீர், வித்தியாதரிசிக்கு வணக்கம் சொல்லக் கை குவித்தபடி.

குவித்த கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல மெல்ல நடந்து அவளுக்குப் பின்னால் போனீர். அவள் குழலை வாயிலிருந்து எடுத்து, திரும்பாமலே கேட்டாள். "ரீச்சர், நான் இனி நடந்தால் பின்னாலை வருவார்தானே?" அத்தனை பிள்ளைகளும் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குள் கூட்டிவரத்தான் கேட்கிறாள்.

"இல்லையம்மா, அதுக்கு முன்னம் புத்தகத்திலை இன்னொரு பக்கம் இருக்கு" என்றீர். வகுப்பில் கேட்கிற அதே குரல். "அந்தப் பக்கத்திலை ஊதிறவன் ஊதாமல், சத்தம் போடாமல், பின்பக்கமா நடப்பான். அவர் தன்ரை வீட்டை போவார்."

அப்படியொரு பக்கம் இல்லை. புத்தகத்தை நூல் போட்டுத் தைத்தவள் நான், எனக்குத் தெரியும். அவள் நம்பினாள். இரண்டு பேரும் அடிமேல் அடி வைத்துப் பின்னே வந்தீர்கள். யானை துதிக்கையால் படலையைத் தொட்டுப் பார்த்தது. தள்ளியிருந்தால் படலை என்ன, பள்ளிக்கூடமே நின்றிருக்காது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பிக் குளத்துப் பக்கம் போனது.

நான் முதலில் உம்மைத்தான் ஏசினேன். "உமக்கென்ன விசரே? பெரியவர் எண்டால் என்னெண்டு தெரியாதே?" "வித்தியாதரிசி எண்டு நினைச்சன்" என்று அப்படியே நிலத்தில் குந்தினீர். சிறுமி மட்டும் சிரித்துக்கொண்டு புத்தகத்தை விரித்து, நீர் சொன்ன பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பின்னேரம், ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறிப்போன பிறகு சொன்னீர். "யானைக்குக்கூட நான் இவ்வளவு பயப்படேல்லை. நான் சொன்னதையெல்லாம் அந்தப் பிள்ளை அப்பிடியே நம்பினாளே. அதை நினைக்கத்தான் பயமாக் கிடக்கு." விளக்குக் கொளுத்த முன்னமே அந்த இல்லாத பக்கத்தை வரைந்து முடித்தீர். கோடெல்லாம் நடுங்கியிருந்தது.

உம்மை முல்லைத்தீவு மணலில் அடக்கம் செய்து வருடங்கள் போய்விட்டன. அதற்குள் நானும் எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டேன். இன்றும் ஒரு பிள்ளை இமை கொட்டாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டு கதை கேட்டால், அன்று உமக்கு வந்த பயம் எனக்கு வருகிறது. சொல்லப்போகும் வசனத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். இதைக் கேட்டுவிட்டு இந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும்?